மூடிய வலது கை

மார்ச் 4

அன்புள்ள குட்டி,

அண்ணன் வந்து சேர்ந்துவிட்டார். நேற்றுப் பகல் பதினொன்றே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒன்றேகால் மணி நேரம் வாசலிலேயே நின்றேன். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகத்தான். மாப்பிள்ளைக்கு டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறதா? உன் காது எப்படி இருக்கிறது? போனில் நான் கத்துவதும் உனக்குக் கேட்காமல் போவதுமாக இருப்பதைவிட, இப்படி எழுதிக்கொள்வது நமக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன். தவறானால் சொல்.

குளியலறைக்குப் பக்கத்து அறையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். கட்டிலிலிருந்து குளியலறை வாசலுக்கு ஏழு அடி. சக்கர நாற்காலி திரும்ப வேண்டும் என்று கதவைக் கழற்றித் திரை போட்டாயிற்று. காலையில் ஓர் உதவியாளர் வந்து அவரைத் தூக்கி உட்கார வைப்பார். குளிப்பாட்டுவதை நானே செய்வதாகச் சொல்லிவிட்டேன். முப்பத்தாறு வருடம் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவும் பிரிவில் இருந்தவனுக்கு ஒரு மனிதரைக் கழுவத் தெரியாதா என்று ஓர் எண்ணம். அந்தத் தைரியம் இன்று காலை இல்லை.

வேலை வரிசையை ஒரு தாளில் எழுதிக் குளியலறைச் சுவரில் ஒட்டினேன். தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரி. முகம் முதலில், பாதம் கடைசியில். ஒரு துணி ஓர் இடத்துக்கு மட்டும். கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு நான் உள்ளே போனதும் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு புரிகிறது.

"என்னடா சோப்பு, என்னைக் கத்தரிக்கோல்னு நெனச்சியா? கழுவி முடிச்சு உன் நீராவிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடாதே."

நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தது. தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சின்னண்ணன்

மார்ச் 15

சின்னண்ணா,

நாங்கள் இருக்கிறோம். இவருக்கு வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைக் கழுவி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிடுகிறது. ஆகவே நலம் என்று வைத்துக்கொள். இவரை விட்டு நகர முடிந்திருந்தால் பெரியண்ணனை நானே வைத்துக்கொண்டிருப்பேன். உன்னைக் கேட்டபோது நீ ஒரே வார்த்தையில் சரி என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களுக்குள் என்ன தகராறு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அப்பா போனபோதும் அம்மா போனபோதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். சோப்பும் கிரீசும் ஒரே வயிற்றில் எப்படிப் பிறந்தன என்று அப்பா சிரிப்பாரே. போகட்டும், இப்போதும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அவன் வலது கை. மருத்துவமனையில் அது துவண்டு கிடந்தபோது தினமும் நான்தான் துடைப்பேன். ஐம்பது வருடம் வண்டி ரிப்பேர் பார்த்த கை. உள்ளங்கை ரேகை முழுக்கக் கறுப்பு ஓடியிருந்தது. அழுத்தித் தேய்க்கப் போனால், "அத விடு குட்டி, அங்கயே இருக்கட்டும்" என்பான். பிறகு விரல்கள் உள்பக்கமாகச் சுருள ஆரம்பித்தன. தினமும் திறந்து கழுவி ஈரம் போகத் துடைக்காவிட்டால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறக்காதே.

அந்த முகக்கவசத்தைக் கழற்று. மனுஷன் பயந்துகொள்ளப் போகிறான்.

குட்டி

மார்ச் 27

அன்புள்ள குட்டி,

மாப்பிள்ளைக்குத் தெம்பு குறையாமல் இருக்கட்டும். நீ திட்டு வாங்கிக்கொண்டு நன்றாக இரு. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். கையுறையைக் கழற்ற இன்னும் மனம் வரவில்லை. பழக்கம்.

ஒரு நல்ல செய்தி. நல்லது என்றுதான் நினைக்கிறேன். நன்றாக இருக்கிற இடது கையில் முதலில் ஆரம்பித்தேன். எண்ணெய் தடவி ஊற வைத்து, பிறகு சோப்பு, பிறகு நகத்துக்கான பிரஷ், நகத்தடிக்கு மெல்லிய மரக்குச்சி. ஐந்து நாள் வேலை. ஐந்தாம் நாள் முடிவில் அந்தக் கையில் ஒரு கறுப்புக் கோடுகூட இல்லை. குழந்தையின் கை போல இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவருக்கே காட்டினேன். திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலை செய்யும்போது பழைய யோசனைகள் வருகின்றன. எனக்குத் தெரிந்த எல்லா வழிபாட்டு இடங்களின் வாசலிலும் ஒரு குழாயோ தொட்டியோ இருக்கிறது. வீட்டில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வருகிறவரும் அங்கே நின்று இன்னொரு முறை கையை நனைத்துக்கொள்கிறார். அழுக்குப் போவதற்கு அந்தத் தண்ணீர் போதாது. எங்கள் பிரிவில் யாராவது அப்படிக் கழுவியிருந்தால் நான் எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்திருப்பேன். அப்படியானால் அவர் கழுவுவது எதை? படித்தவன் என்று பெயர், எனக்கு விடை தெரியவில்லை.

வலது கை அடுத்த வாரம்.

சின்னண்ணன்

ஏப்ரல் 9

சின்னண்ணா,

நீ விடை தேடிக்கொண்டிரு. எனக்குத் தெரிந்தது இதுதான்: குழாயடியில் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில் மனுஷனுக்கு, "நான் உள்ளே போகப் போகிறேன்" என்று உறைக்கிறது. அது போதாதா? நீயானால் தண்ணீரை அளந்துகொண்டு வாசலிலேயே நின்றுவிடுவாய். கோபித்துக்கொள்ளாதே.

இங்கே இவருக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. எனக்கு முழங்கால் மட்டும் பேசுகிறது, அதுவாவது காதில் விழுகிறது.

வலது கையைக் கழுவினாயா? அதைப் பற்றி எழுது.

குட்டி

ஏப்ரல் 30

அன்புள்ள குட்டி,

மாப்பிள்ளையின் கால் பற்றிப் படித்து நிம்மதி. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இங்கே எல்லாம் முறைப்படி நடக்கிறது. சோப்பை மாற்றியிருக்கிறேன். பழையது தோலை வறட்டியது. தண்ணீரை முப்பத்தொன்பதாக உயர்த்தியிருக்கிறேன், அண்ணன் குளிருகிறது என்றார். முதுகில் படுக்கைப் புண் ஒன்றும் இல்லை. குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பு வாங்கிப் போட்டேன். அதன் ஓரம் சக்கரத்தில் மாட்டியதால் நான்கு பக்கமும் ஓர் அங்குலம் வெட்டினேன். துண்டுகள் இப்போது எட்டு இருக்கின்றன. உதவியாளர் நேரத்துக்கு வருகிறார். வலது கை அப்படியே இருக்கிறது. இரவில் அண்ணன் நன்றாகத் தூங்குகிறார். மின்விசிறிச் சத்தத்தைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டபோது, படுத்த இடத்திலிருந்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொன்னார். வந்தவர் அசந்துபோனார்.

வேறு விசேஷம் இல்லை.

சின்னண்ணன்

ஜூன் 14

சின்னண்ணா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மருத்துவமனையில் உறவினர் என்று என் விலாசம் கொடுத்திருந்தது நல்லதாகப் போயிற்று. டாக்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது.

வலது கையிலிருந்து நாற்றம் வருகிறதாம். நகம் உள்ளங்கைக்குள் இறங்குகிறதாம். ஆகஸ்டுக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தசைநாரை வெட்டித்தான் விரல்களைப் பிரிக்க வேண்டுமாம். அவன் இதயம் இருக்கிற நிலையில் மயக்கத்திலிருந்து எழுந்திருப்பான் என்று உத்தரவாதம் தர முடியாது என்று எழுதியிருக்கிறார். நீ எனக்குத் துண்டு எட்டு, விரிப்பு ஓர் அங்குலம் என்று எழுதுகிறாய். நடுவில் ஒளித்து வைத்த மாதிரி "வலது கை அப்படியே இருக்கிறது" என்று ஒரு வரி. அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது.

என்ன நடக்கிறது? உள்ளதை எழுது.

குட்டி

ஜூன் 25

அன்புள்ள குட்டி,

நீ திட்டியது சரி. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் முதலில் எழுதிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

ஏப்ரல் முதல் நாள் கிண்ணத்தில் வெந்நீரோடு போய், "அண்ணே, இன்னைக்கு வலது கை" என்றேன். அவர் அந்தக் கையை இடது கையால் தூக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். "அத விட்டுடு" என்றார். மறுநாளும் அதே. ஒருநாள் நான் வற்புறுத்தியதில் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். உதவியாளரிடமும் தருவதில்லை. உடம்பு முழுவதையும் என்னிடம் கொடுக்கிறவர் அந்த ஒரு கையை மட்டும் தர மறுக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுத முடியவில்லை.

நீ கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். என் கல்யாணத்தன்று போட்டோ எடுக்க எல்லோரும் நின்றிருந்தோம். அண்ணன் தாமதமாக வந்தார். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை கிரீஸ். சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட வந்தார். பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்து, "இப்படியேவா வருவீங்க? போய்க் கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரோ சிரித்தார்கள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

அன்று மாலையே என் மனைவி சொன்னாள். அவர்கள் வந்த வண்டி வழியில் நின்றுவிட்டதாம். அண்ணன்தான் போய் அடியில் படுத்து அதைச் சரிசெய்து அவர்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். மாலையே தெரிந்துவிட்டது, குட்டி. நாற்பத்திரண்டு வருடமாகத் தெரியும். அவர் கடை ஆறு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது. கடை வாசல் வரை நான் போகவில்லை.

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டியபோது பிள்ளைகள் இருவரும் உள்ளே வர வேண்டும் என்றார்கள். அண்ணன் வாசலிலேயே நின்று, "நீயே கழுவு. உன் கைதான் சுத்தம்" என்றார். நான் தனியாகத்தான் செய்தேன். வாசலுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அந்தச் சொல்லை இன்றுவரை துடைத்துப் போட முடியவில்லை.

நான் அழுக்கு என்று சொன்ன கையை என்னிடம் எப்படித் தருவார்?

சின்னண்ணன்

ஜூலை 8

சின்னண்ணா,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். இவர் வந்து, "யார் செத்தது?" என்றார். யாருமில்லை, நீ உட்காரு என்றேன்.

உன்னிடம் பாதிக் கதை இருக்கிறது. மீதிப் பாதி இத்தனை வருடம் என்னிடம் இருந்தது. அன்றைக்கு மண்டபத்தின் பின்பக்கக் குழாயடியில் அவனை நான் பார்த்தேன். உடைந்த செங்கல் துண்டை வைத்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சோப்பு தீர்ந்து கிடந்தது. ரத்தம் கசிந்தது. கையை எனக்கு நீட்டிக் காட்டி, "போகல பாரு குட்டி" என்றான். அழவில்லை, சிரித்தான். "சின்னவன்கிட்ட சொல்லாதே. கழுவிட்டு வரேன். எனக்கு எடம் புடிச்சு வை" என்றான்.

நான் சாப்பாட்டு மேஜையில் உன் பக்கத்து நாற்காலிக்கு அடுத்ததில் என் கைப்பையை வைத்துவிட்டேன். மூன்று பந்தி முடிகிற வரை யாரையும் அதில் உட்கார விடவில்லை. ஒரு பெரியவர், "பைக்கு எப்பம்மா பசிக்கும்?" என்றுகூடக் கேட்டார். அவன் வரவில்லை. சொல்லாதே என்றானே என்று நானும் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் அதைப் பெரிய விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ ஒருமுறை சொன்னாய்: ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் கையைக் கழுவிவிட்டு, எதன்மீதும் படாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள் என்று. நீ அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறாய். அந்த டாக்டர்களாவது உள்ளே போய் யாரையாவது தொடுகிறார்கள்.

இதையெல்லாம் எனக்கு எழுதி என்ன பயன்? பக்கத்து அறையில் இருக்கிறவனிடம் சொல். சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டு.

குட்டி

ஆகஸ்ட் 2

அன்புள்ள குட்டி,

மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? உன் முழங்கால் எப்படி? இங்கே இருவரும் நலம். இந்த முறை அந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பதினோராம் நாள் குளிப்பாட்டும் நாற்காலியில் அவரை உட்கார வைத்து உதவியாளர் வெளியே போனதும், கையுறையோடு உன் கடிதத்தை எடுத்தேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாசித்தேன். நாற்காலியில் பை வைத்த இடம் வந்ததும், "அத இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன்.

பிறகு சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எத? கையக் கழுவச் சொன்னதையா? அடப்போடா. கிரீஸ் கையோட கல்யாண போட்டோல நிக்க எனக்கே இஷ்டமில்ல." இடது கையால் முகத்து ஈரத்தை வழித்துவிட்டார். "கழுவிட்டு வாங்கன்னே. சரி. கழுவினேனா இல்லையான்னு ஒரு நாள் வந்து பாத்தியா?"

கடிதத்தை மடித்தேன். "ரெண்டு தடவை வந்தேன். உங்க கடைத் தெருமுனை வரைக்கும்."

"தெரியும். ஒரு தடவை பாத்தேன். குடையால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு நின்னே. அன்னைக்கு மழையே இல்ல."

குட்டி, அவர் சிரித்தார். கோணல் வாயோடு தோள் குலுங்கச் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"ஆனா அப்பாவக் கழுவறப்போ 'உன் கைதான் சுத்தம்'னு சொன்னீங்களே" என்றேன்.

"ஆமா சொன்னேன். குத்தணும்னுதான் சொன்னேன். அப்புறம் உள்ள தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சே, அத யார் பம்ப்புல அடிச்சுக் கொண்டாந்து வெச்சான்னு நெனச்சே? உங்க ஆஸ்பத்திரியா?"

அன்று வாசலுக்கு வந்த வாளிகளை நான் குனிந்து குனிந்து எடுத்தேன். யார் வைத்தது என்று ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கேட்கத் துணிந்தேன். என் மேல் கோபம் இல்லையென்றால் வலது கையை ஏன் தருவதில்லை? அவர் இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத என்ன பண்ணி வெச்சிருக்கே பாரு. எவனோ ஆபீசர் கை மாதிரி. ஐம்பது வருஷமா இத நான் பாத்ததே இல்ல. மிச்சம் இருக்கறது இந்த வலது கைக்குள்ள மட்டும்தான். அதையும் தேய்ச்சு எடுத்துட்டீன்னா நான் மெக்கானிக்கா இருந்தேன்னு யாருக்குடா தெரியும்? எனக்கே தெரியாம போயிடும்."

மார்ச் மாதம் நான் பெருமையாக எழுதினேனே, ஐந்து நாள் வேலை என்று. அவர் பேசாமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சந்தோஷம் என்று எழுதினேனே. எது அழுக்கு என்று அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நானே முடிவுசெய்தேன். இது இரண்டாவது முறை.

"கறுப்பைத் தொட மாட்டேன். பிரஷ் இல்ல, சோப்பு இல்ல. தண்ணி மட்டும்" என்றேன்.

"மொதல்ல கையுறையக் கழட்டு."

கழற்றினேன். கையை வெந்நீரில் ஊற வைத்து, மணிக்கட்டை உள்பக்கம் மடித்துப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் விரல்கள் தாமாகத் தளரும். சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக. நாற்றம் இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவா, போல்ட்டு துரு ஏறியிருக்கு" என்றார். கட்டைவிரல் கடைசியாக வந்தது. உள்ளங்கை திறந்தது.

கறுப்பு இல்லை, குட்டி. ஒரு கோடுகூட இல்லை. மூடிக் கிடந்த ஈரத்திலேயே தோல் ஊறி உரிந்து வெளுத்திருந்தது. நான்கு நகத்தின் தடம் மட்டும் சிவப்பாக. அவர் குனிந்து பார்த்தார்.

"யார் கைடா இது?"

தாளில் எழுதி ஒட்டிய எதிலும் அதற்குப் பதில் இல்லை. அவர் கையை என் இரண்டு கைக்கும் நடுவில் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். "அன்னைக்குச் செங்கல் வெச்சுத் தேய்ச்சும் போகல" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கழுவ வேண்டியதைக் கழுவி வெகுநேரம் ஆகியும் நான் கையை விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஆறிவிட்டது. எத்தனை டிகிரி என்று பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் திறக்கிறோம். நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, இப்படியே செய்தால் வெட்ட வேண்டாம் என்றார். சுவரிலிருந்த தாளை அண்ணன் பிய்த்தெடுக்கச் சொன்னார். உனக்கு எழுத வேண்டுமாம், அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதாம்.

சின்னண்ணன்

ஆகஸ்ட் 10

குட்டி,

இடது கையால் எழுதறேன். எழுத்து கோணல்தான், பொறுத்துக்கோ. மாப்பிள்ளையை நிறையத் திட்டச் சொல்லு, உடம்புக்கு நல்லது.

கையக் கழுவிட்டு வந்துட்டேன். கொஞ்சம் நேரமாயிடுச்சு.

சோப்பு பரிமாறிக்கிட்டு நிக்கிறான். ருசி பாத்தேன், உப்பே இல்ல. அத அப்புறம் சொல்லிக்கலாம்.

நாற்காலியிலேர்ந்து உன் பைய எடுத்துக்கோ. நான் உட்காரணும்.

கிரீஸ்